சாம்பாரில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். போன தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. "கம்பெனியில எல்லாரும் என்னப் பத்தியே பேசுதாங்க, போன் வழியா என்னைப் பாக்காங்க" என்று சிம் கார்டை உடைத்துப் போட்டுவிட்டான். சன்னலை அட்டை வைத்து மூடுகிறான், தனியாகச் சிரிக்கிறான். வீட்டுச் சாப்பாட்டில் எதையோ கலக்கிறோம் என்று கடையில் வாங்கிய பிஸ்கட்டை மட்டும் தின்றான். செய்வினை என்று சொன்னார்கள், இரண்டு இடங்களுக்குக் கூட்டிப் போனோம். பிறகு மனநல டாக்டரிடம் காட்டியபோது மனச்சிதைவு என்றார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு நன்றாகிவிட்டான். உடம்பு ஊதிப்போச்சு, எந்நேரமும் தூக்கம், அதனால் நாங்களே நிறுத்திவிட்டோம். இரண்டு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இப்போது மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்கிறான். இந்த நோய் ஏன் வந்தது? அப்பா அவனை ரொம்பத் திட்டுவார், அதனாலா? அம்மா தன்னால்தான் என்று அழுகிறார். எனக்கு நான்கு வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்கும் வருமா? கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்கிறார் தாய்மாமா. முழுசாகக் குணமாகுமா? இப்போதைக்கு அம்மா மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுக்கிறார், அது சரிதானே?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். சாம்பாரில் கலப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

அம்மா வேறு வழி தெரியாமல் செய்கிறார். இப்படிக் கலந்து கொடுக்கும் வீடுகள் ஏராளம். சில சமயம் மருத்துவர்களே இதற்குத் தலையசைக்கிறார்கள். ஆனாலும் தம்பியின் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பது நோய் கொடுத்த பயம். அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் அவரிடம் சத்தியம் செய்திருப்பீர்கள். இப்போது உண்மையிலேயே கலக்குகிறீர்கள். சாம்பார் லேசாகக் கசக்கிறது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கண் சொக்குகிறது, மறுநாள் நாக்கு தடித்து இழுக்கிறது. காரணம் புரியாத அவருக்கு இதெல்லாம் சாட்சி. அடுப்படியில் அம்மா மாத்திரை பொடிப்பதை ஒருநாள் அவர் பார்த்துவிட்டால், அதன்பின் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். உங்களை மட்டுமல்ல, மருத்துவரையும் மருந்தையும் சேர்த்தே நம்பாமல் போவார். மருந்தின் அளவும் சரியாக இருக்காது. அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டால் பாதி மருந்துதான் உள்ளே போகும். மிச்சத்தை அப்பா ஊற்றிச் சாப்பிடுவதும் நடக்கும். மருந்தால் கழுத்துத் தசை இழுத்துக்கொண்டால், என்ன மாத்திரையால் வந்தது என்று அவரால் யாரிடமும் சொல்ல முடியாது.

இந்த நோய் முதலில் பறிப்பது நம்பிக்கையை. வீட்டில் இருப்பவர்களிடம் அது மிச்சமிருக்கும் வரைதான் சிகிச்சை நடக்கும்.

தம்பிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் அவரிடம் பேசுவது உங்களுக்கு எளிதாகும். நம்மைச் சுற்றி ஓயாமல் சத்தங்களும் முகங்களும் வந்து போகின்றன. எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று மூளை நமக்குத் தெரியாமலே பிரித்துக்கொண்டிருக்கிறது. 'இது முக்கியம்' என்று முத்திரை குத்தும் வேலையில் டோபமின் என்ற ரசாயனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மனச்சிதைவில் மூளையின் ஆழத்தில் ஒரு பகுதியில் இது மிகையாகச் சுரக்கிறது. அதனால் ஒன்றுமில்லாதவற்றின் மேலெல்லாம் முத்திரை விழுகிறது. தெருவில் ஒருவர் இருமுகிறார், டீக்கடையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள், பைக் ஒன்று வீட்டெதிரே ஹாரன் அடிக்கிறது. எல்லாமே தன்னைக் குறித்ததாகத் தோன்றுகிறது. இத்தனையும் ஏன் என்னை நோக்கியே வருகின்றன என்று மனம் காரணம் தேடுகிறது. 'என்னை வேவு பார்க்கிறார்கள்' என்பது அது கண்டுபிடிக்கும் காரணம். வாதம் செய்து அதை உடைக்க முடியாததும் இதனால்தான். அவருக்கு அது வெறும் கருத்து இல்லை, கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் அதையே சொல்கின்றன.

அவர் தனியாகச் சிரிப்பதும் முணுமுணுப்பதும் பெரும்பாலும் காதில் விழும் குரல்களுக்குப் பதில். அந்தக் குரல் கற்பனை செய்வது போல மங்கலாகக் கேட்பதில்லை, பக்கத்து அறையிலிருந்து ஒருவர் பேசுவது போலத் தெளிவாகவே கேட்கும். 1990களில் லண்டனில் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், நோயாளிகளுக்குக் குரல் கேட்கும் நேரத்தில் பேச்சை உருவாக்கும் மூளைப்பகுதியே வேலை செய்வது தெரிந்தது. தன் மனம் பேசுவதையே வெளியிலிருந்து வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் சிலருக்குக் குரல் தணியும். தம்பி எப்போதும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள்.

இந்த நோய்க்கு இன்னொரு முகமும் உண்டு. குளிப்பதில்லை, பல் தேய்ப்பதில்லை, விட்டத்தைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார், கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். அக்கம்பக்கத்தார் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள், அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். இதுவும் நோய்தான். செய்ய வேண்டும் என்ற உந்துதலே வற்றிவிடுகிறது. மாத்திரைக்குக் குரல்கள் அடங்கும் அளவுக்கு இது அடங்குவதில்லை. அதற்கு மெல்ல மெல்லப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர் அமெரிக்காவில் ஒரு கருத்தை எழுதினார். பாசத்தை ஒடுக்கிக் கெடுபிடியாக வளர்க்கும் தாயால்தான் பிள்ளைக்கு மனச்சிதைவு வருகிறது என்பது அது. அதை நம்பி ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவமனை வாசலில் குற்றவாளிகள் போல நிறுத்தப்பட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தக் கருத்து நிற்கவில்லை, மருத்துவம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. உங்கள் அம்மா வளர்த்த விதத்தாலோ அப்பா திட்டியதாலோ இந்த நோய் வரவில்லை. செய்வினையாலும் வரவில்லை.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. உலகெங்கும் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது பாதிக்குப் பாதிதான். மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் மற்ற பாதிப்பேர் தப்பிவிடுகிறார்கள். தாய்மாமனுக்கு இருந்தால் மருமகளுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 4. ஆக உங்கள் மகளுக்கு வராமலிருக்கவே மிக அதிக வாய்ப்பு. இதற்காக அவளை இப்போதிருந்தே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மிச்சக் காரணங்களில் சில பிறப்பதற்கு முன்பே தொடங்குகின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு சுமார் இரண்டு மடங்கு வந்தது. பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். வாலிபத்தில் சேரும் காரணங்களில் கஞ்சா முக்கியமானது. சுவீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களிடம் விவரம் வாங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 1987இல் வெளிவந்த முடிவின்படி, அதிகமாகக் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு சுமார் ஆறு மடங்கு வந்திருந்தது. ஓசூரில் தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்ததா என்று சண்டையில்லாமல் அவரிடம் கேளுங்கள். இருந்தால் மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், மறைத்தால் நஷ்டம் தம்பிக்குத்தான்.

அப்பா திட்டுவது நோயைக் கொண்டுவரவில்லை என்றேன். ஆனால் குணமாகிவரும் ஒருவருக்கு நோயைத் திரும்ப அழைத்துவரும் சக்தி வீட்டுப் பேச்சுக்கு உண்டு. ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் 1950களிலிருந்து லண்டனில் இதை ஆராய்ந்தார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களில், ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்கும் வெறுப்புக் காட்டும் வீட்டுக்கும் போனவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீடுகளிலும் அப்படித்தான். ஆகவே, "இருபத்து மூணு வயசு தடிமாடு, குளிக்கக்கூடத் துப்பில்ல" என்பதும் கூடாது, ஒவ்வொரு வாய் சோற்றையும் அம்மா ஊட்டிவிடுவதும் கூடாது. "வெந்நீர் வெச்சிருக்கு, பத்து மணிக்குள்ள குளிச்சிரு" என்று ஒருமுறை சொன்னால் போதும். குளித்தால் நல்லது, குளிக்காவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

'வேவு பார்க்கிறார்கள்' என்று அவர் சொல்லும்போது ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், பைத்தியம் மாதிரிப் பேசாதே என்றும் சொல்லாதீர்கள். "எனக்கு அப்படித் தெரியல. ஆனா உனக்கு அப்படித் தோணுனா எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். நோய் இருப்பதை ஒப்புக்கொள்ளாத ஒருவர்கூடத் தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வார். அதற்காகவே மருத்துவரைப் பார்க்கச் சம்மதிப்பார். தனக்கு நோயே இல்லை என்று அவர் சொல்வதும் பிடிவாதம் இல்லை. தன் நிலையைத் தானே எடைபோடும் திறனை இந்த நோய் பலரிடம் கெடுத்துவிடுகிறது.

மருந்துக்கு வருவோம். 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் இந்த நோய்க்கு உருப்படியான மருந்தே கிடையாது. இன்று பத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாமே டோபமினின் வேகத்தைக் குறைப்பவை. ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்றவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாத்திரை தொடங்கியதும் தூக்கம் முதல் நாளே வரும், பதற்றம் சில நாளில் தணியும், குரலும் சந்தேகமும் அடங்கச் சில வாரங்கள் ஆகும்.

மூன்று மாதத்தில் நிறுத்தினீர்கள், இரண்டு மாதத்தில் நோய் திரும்பியது. மாத்திரை பலிக்கவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை, அது தம்பிக்கு நன்றாகக் கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2012இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு, வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேருக்கு. முதல் முறை நோய் வந்தவர்கள் குணமான பிறகும் ஓரிரு ஆண்டுகள் மருந்தைத் தொடர வேண்டும். திரும்ப வந்துவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் மேற்பார்வையில் பல மாதங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அதற்காக உடல் ஊதியதையும் தூக்கத்தையும் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். இருபத்து மூன்று வயதுப் பையனுக்குச் சட்டை பத்தாமல் போவது சின்ன விஷயம் இல்லை. மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர் இதற்காகத்தான் நிறுத்துகிறார்கள், அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஓலன்சபின் எடையையும் சர்க்கரையையும் நன்றாகவே ஏற்றும். அரிபிப்ரசோல் அந்த அளவுக்கு ஏற்றாது. எடையைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. முழு மாத்திரையையும் இரவுக்கு மாற்றினாலே பகல் தூக்கம் பாதி குறையும். கை நடுக்கம், உடல் விறைப்பு இருந்தால் அளவைக் குறைக்கலாம், அதற்குத் தனி மாத்திரையும் உண்டு. பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் சொல்லிவிடுங்கள். அந்தப் புகை ஓலன்சபினைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும். இதையெல்லாம் தம்பியே வாய்திறந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருத்துவரும் கேட்க வேண்டும். 'சைடு எஃபெக்ட் எல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறவராக இருந்தால் வேறு மருத்துவரிடம் போங்கள்.

தினமும் மாத்திரைக்காகச் சண்டை என்றால் ஊசி இருக்கிறது. ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட் ஊசியை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள், விலையும் குறைவு. மாதம் ஒருமுறை போடும் புதிய ஊசிகளும் இருக்கின்றன. பலர் இதை விரும்பியே ஏற்கிறார்கள், தினமும் நோயை நினைவூட்டும் மாத்திரை இல்லை பாருங்கள். தகுந்த அளவில் இரண்டு மருந்துகள் கொடுத்தும் கேட்காதவர்களுக்குக் குளோசபின் பலருக்குக் கைகொடுக்கும். அது ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் முதல் 18 வாரங்கள் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும். உங்கள் தம்பிக்கு இப்போது அது தேவைப்படாது.

முழுசாகக் குணமாகுமா? இதற்குச் சென்னையிலிருந்தே பதில் சொல்லலாம். 1980களின் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி மனநலத் துறைக்கு முதல் முறையாக நோய் கண்டு வந்த 90 பேரை மருத்துவர் ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தார்கள். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் வழியாக அந்த ஆய்வு வளர்ந்தது. ஒருமுறை வந்து அத்தோடு போனவர்கள் சிலர், விடாமல் நோயிலேயே இருந்தவர்களும் சிலர்தான். பெரும்பாலோருக்கு இடையிடையே நோய் தலைதூக்கியது, இடைப்பட்ட காலத்தில் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். உங்கள் தம்பிக்கும் இந்தப் பெரும்பான்மையோரின் வாழ்க்கை கிடைக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். பழைய ஷிப்ட் வேலைக்கு உடனே அனுப்பாதீர்கள், இரவுத் தூக்கம் கெடுவது இவருக்கு ஆகாது. உள்ளூரில் அரைநாள் வேலை ஏதாவது கிடைத்தால் அதில் தொடங்கட்டும்.

கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன், அதனால் அம்மாவுக்குக் கிடைக்கும் தெம்பு உண்மையானது. ஏர்வாடி தர்காவிலேயே இன்று பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் அரசு உதவியோடு நடக்கிறது. மாத்திரையை நிறுத்து என்றோ, கட்டிப்போட வேண்டும் என்றோ எவர் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம்.

தாய்மாமாவிடம் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. நோய் அடங்கி, வேலையில் நிலைத்து, தம்பியே விரும்பி, பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி அவள் சம்மதித்தால் பிறகு பார்க்கலாம். மறைத்து நடத்தினால் மாத்திரையையும் மறைத்துத்தான் விழுங்க வேண்டும். அப்படி மறைப்பவர்கள் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள். நோய் திரும்பும்போது அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்தே குலையும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. அம்மாவும் நீங்களும் மட்டும் முதலில் பழைய மருத்துவரிடமோ, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவிலோ போய்ச் சாம்பார் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் அளவை முடிவு செய்வார். பிறகு தம்பியைச் சொல்லிக் கூட்டிப் போங்கள், திருச்செந்தூருக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றாதீர்கள். எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

சாகச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றாலோ, சாப்பாட்டை அறவே நிறுத்தினாலோ, யாரையாவது தாக்க வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நோயாளிகளில் மிகப் பலர் யாரையும் தாக்குவதில்லை, அவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்வதுதான் கூடுதலாக அஞ்ச வேண்டியது. அவசர நிலையில் அவர் சம்மதிக்காவிட்டாலும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தர எந்தப் பதிவு பெற்ற மருத்துவருக்கும் சட்டம் இடம் தருகிறது. அதன்பின் உள்நோயாளியாக வைத்திருக்கத் தனி நடைமுறை உண்டு. இரவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குணமான பிறகு தம்பியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த முறை நோய் திரும்பியபோது முதலில் எது மாறியது, தூக்கமா, சன்னல் அட்டையா, போனா? அந்த மாற்றம் மறுபடி தெரிந்தால் அடுத்த முறை வரச் சொன்ன தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.